அடிவட்டம் சொன்னது, கையெழுத்து சொல்லாதது: ஒரு ‘கம்போனே’ ஜாடியின் ஆய்வு

பொருள் ஒரு ஜாடி. நேர்ச்சுவர் உருளை உடல், கிட்டத்தட்டத் தட்டையான தோள், தோளின் நடுவிலிருந்து எழும் ஒல்லிக் கழுத்து. உயரம் 31.4 செ.மீ., உடலின் விட்டம் 14.2 செ.மீ., கழுத்தின் உள்துளை 22 மி.மீ., எடை 1,690 கிராம். மேலே பாலேடு நிறத்தில் மேட் கிளேஸ் (சூளையில் உருகிப் படியும், பளபளப்பில்லாத கண்ணாடிப் பூச்சு), அதில் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். தோளுக்குச் சற்றுக் கீழே பழுப்பில் ஒரே ஒரு கோடு. வேறு அலங்காரம் கிடையாது. அடியில் தூரிகையால், ரோமன் எழுத்தில், இரண்டு வரியாகக் ‘கம்போனே இத்தாலி’ என்று எழுதியிருந்தது.

விற்க வந்தபோது உடன் இருந்த குறிப்பு: “குவிதோ கம்போனே, 1950கள், ஒரே பிரதி, பழுதில்லை.” ஒரு வரிக்குள் நான்கு உரிமைகோரல். ஆய்வு முடிந்தபோது அதில் ‘கம்போனே’ மட்டும்தான் மிஞ்சியது.

இந்தக் குழப்பம் இந்த ஒரு ஜாடிக்கு மட்டும் நேர்வதல்ல. கம்போனே என்ற பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தந்தை குவிதோ 1909இல் பிறந்து 1969இல் மறைந்தவர். தெற்கு இத்தாலியில் அமால்ஃபி கரையோரம் இருக்கும் வியெத்ரி சுல் மாரே என்ற பீங்கான் ஊரில் தொழில் பழகி, 1950 வாக்கில் ஃபிளாரன்ஸுக்குப் பட்டறையை மாற்றியவர்; இத்தாலியின் இன்னொரு பீங்கான் ஊரான ஃபயென்ஸா தரும் பீங்கான் பரிசை ஒருமுறைக்கு மேல் வென்றவர். மகன் புரூனோ 1936இல் வியெத்ரியில் பிறந்து 2021இல் மறைந்தவர். அப்பாவின் பட்டறையில் கைபழகி, 1960களில் சில ஆண்டுகள் நியூயார்க்கில் ஓவியராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, தந்தைக்குப் பின் பட்டறையை நடத்தினார். இருவர் பொருளிலும் அடியில் வரும் வாசகம் பெரும்பாலும் ஒன்றேதான். இருவருக்கும் சந்தை தரும் விலை ஒன்றல்ல. தந்தையின் கைக்குப் பொதுவாகக் கூடுதல். அதனால் தவறு நேரும்போதெல்லாம் ஒரே திசையில், விற்பவருக்கு லாபமான திசையில் நேர்கிறது.

கைகளையும் சொல்லிவிட வேண்டும். குவிதோவின் பூச்சு தடிப்பானது. கொதித்து அடங்கிய குழம்பு போல் குமிழும் குழியுமாக இருக்கும். நிறம் அழுத்தமாக வரும், உருவங்களும் வரும். புரூனோ அதையெல்லாம் துடைத்தெறிந்தவர். உருளை, கூம்பு, கனசதுரம், கோடு, வெள்ளை. விலங்கு செய்தால்கூடக் கொம்பையும் முதுகையும் இரண்டு வளைவில் முடித்துவிடுவார். இன்று ‘இத்தாலிய மினிமலிஸ்ட் பீங்கான்’ என்று சேகரிப்பாளர்கள் தேடுகிற குணம் மகனுடையது. அப்படியிருக்க, அதே குணமுள்ள ஜாடியை அப்பா பெயரில் விற்கப் பார்ப்பது சற்று வேடிக்கைதான்.

ஆனால் ‘பார்த்தால் மகன் கைபோல இருக்கிறது’ என்பது கருத்து, ஆய்வு ஆகாது. ஜாடியைத் தலைகீழாகத் திருப்பினோம். கையெழுத்தைப் படிப்பதற்கு முன் அது நிற்கும் வளையத்தைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. கண் ஒருமுறை பெயரைப் படித்துவிட்டால், அதற்குப் பிறகு பார்ப்பதையெல்லாம் அந்தப் பெயருக்குச் சாட்சியாக மாற்றிக்கொள்ளும்.

அடிவட்டம் 9.8 செ.மீ. விளிம்பில் 6 மி.மீ. அகலத்துக்குக் கிளேஸ் இல்லை, மண் தெரிகிறது. சாம்பல் கலந்த மங்கிய பழுப்பு, நெருக்கமான மணி, நகத்தால் கீறினால் தூள் வரவில்லை. மெல்லிய துணியில் கொஞ்சம் அசிட்டோன் தொட்டு வளையத்தைத் துடைத்து, காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தோம். மூன்று நிமிடம் கழித்தும் சொட்டு முத்தாகவே நின்றது. ஒற்றியெடுத்தபின் கருப்புத் தடம் இல்லை. குறைந்த சூட்டில் வெந்த சிவப்பு மண்ணாக இருந்தால் சில நொடியில் குடித்திருக்கும். முதலில் துடைப்பது ஏன் என்றால், பழைய பொருளின் அடியில் மெழுகோ வார்னிஷோ பூசியிருப்பார்கள். அதன்மேல் சொட்டு நிற்பதைப் பார்த்து மண் கெட்டி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் உடம்பு இதே இனம். உப்பும் புளிப்பும் மாதக்கணக்கில் கிடந்தும் கசியாததற்குக் காரணம், 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து மண்ணின் துளைகள் கண்ணாடியாக உருகி அடைபட்டிருப்பதுதான். இதைத்தான் ஸ்டோன்வேர் என்கிறோம். வியெத்ரியிலும் ஃபயென்ஸாவிலும் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த மயோலிகாவோ 1000 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் வேகிற துளைமண். முழுக்கக் கிளேஸ் பூசிய மயோலிகாவைச் சூளையில் முக்காலி முனைகளின்மேல் வைப்பார்கள்; அடியில் மூன்று சிறு வடு இருக்கும். ஸ்டோன்வேரை அப்படி வைக்க முடியாது. அந்தச் சூட்டில் மண் இளகும், முனைகளின்மேல் தொய்ந்துவிடும். அதனால் அடிவளையத்தில் கிளேஸைத் துடைத்துவிட்டுத் தட்டையாக உட்கார வைப்பது வழக்கம். இந்த ஜாடியில் வடு இல்லை, துடைத்த வளையம் இருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது: உடம்பு ஸ்டோன்வேர்.

இதோடு மகன் என்று எழுதிவிட முடியுமா? முடியாது. குவிதோவும் ஸ்டோன்வேர் செய்தவர்தான். இதுவே சிவப்புத் துளைமண்ணாக இருந்திருந்தால் தந்தை பக்கம் கனம் கூடியிருக்கும். ஸ்டோன்வேர் என்பது கதவை மூடவில்லை, ஒருக்களித்து வைத்தது.

அடுத்து கையெழுத்து. பத்து மடங்கு லென்ஸில், பக்கவாட்டில் விளக்கு பிடித்துப் பார்க்க வேண்டும். சூளைக்குப் போகும்முன் எழுதியதென்றால் நிறம் தரும் உலோக ஆக்ஸைடு கிளேஸோடு கலந்து எழுத்தின் ஓரம் லேசாகப் பரவியிருக்கும். கிளேஸின் நுண்குழி எழுத்தின் ஊடாகவும் ஓடும். பிறகு பேனாவிலோ பெயின்டிலோ எழுதியதென்றால் மை குழிகளின் மேல் பாலம் போட்டு நிற்கும், அல்லது குழிக்குள் தேங்கி ஓரம் கூராகத் தெரியும். இந்த ஜாடியில் எழுத்து கிளேஸுக்குள் இறங்கியிருக்கிறது. பட்டறையில் எழுதியதே, பின்னால் ஒட்டிய பெயர் அல்ல.

‘இத்தாலியா’ என்று இல்லாமல் ஆங்கில வடிவில் ‘இத்தாலி’ என்று இருப்பதைக் காட்டி வயது சொல்கிறவர்கள் உண்டு. அதில் பயனில்லை. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது. அன்றிலிருந்து ஏற்றுமதியைக் கணக்கில் வைத்த பட்டறைகள் எல்லாம் இப்படித்தான் எழுதின. 1955 ஜாடியிலும் 1985 ஜாடியிலும் அதே சொல் இருக்கும்.

பயன் தருவது, இல்லாத ஒன்று. குவிதோவின் பொருட்களில் பெயரோடு ஒரு சின்னக் கழுதையும் பல நேரம் வரும். வியெத்ரிக்கே உரிய சின்னம் அது. 1920களில் அங்கு வந்து வேலைசெய்த ஜெர்மானியக் கலைஞர் ரிச்சர்ட் டோல்கர் அந்த ஊர்ப் பீங்கானுக்குள் கொண்டுவந்தது. நம் ஜாடியில் கழுதை இல்லை. கழுதை இல்லாததால் தந்தை இல்லை என்று முடிப்பது அவசரம். ஆனால் கழுதையும் இல்லை, கொதித்த பூச்சும் இல்லை, உருவமும் இல்லை, வடிவமோ அச்சு அசலாக மகனின் வெள்ளை உருளைகளின் குடும்பம் என்னும்போது, தந்தை என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். அவரிடம் ரசீதோ பழைய புகைப்படமோ எதுவும் இல்லை.

மண் மாதிரியைச் சூடாக்கி அது உமிழும் ஒளியை அளக்கும் ஒளிர்வு முறையில் வயதைச் சோதிக்கலாமே என்று கேட்கப்பட்டது. மண்ணில் துளைபோட்டு மாதிரி எடுக்க வேண்டும். வருகிற விடையிலோ ஆண்டுக்கணக்கில் முன்பின் இருக்கும். ஆயிரம் வருடப் பானையில் அது பெரிதில்லை. 1950களா 1970களா என்ற கேள்விக்கு அந்தச் சோதனை உதவாது. ஜாடியில் ஓட்டை மட்டும் மிஞ்சும்.

‘ஒரே பிரதி’ என்பதும் நிற்கவில்லை. புரூனோவின் பட்டறையில் ஒரே வடிவம் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. ஒவ்வொன்றும் கைவேலை, ஒன்றுபோல் ஒன்று இராது. ஆனால் ஒன்றே ஒன்று என்று சொல்லக் கூடாது. இன்னொரு சந்தேகமும் இருந்தது. இந்த எளிய வடிவத்தை அச்செடுத்து நகல் செய்வது கடினமில்லை. அதற்கு இரண்டு சோதனை. ஒன்று, அளவு. ஸ்டோன்வேர் மண் ஈரத்திலிருந்து சூளை இறங்கும்வரை பத்திலிருந்து பதிமூன்று விழுக்காடு சுருங்கும். 12 விழுக்காடு என்று வைத்தால், 31.4 செ.மீ. ஜாடி ஈரத்தில் 35.7 செ.மீ. இருந்திருக்கும். இந்த ஜாடிமேல் பிளாஸ்டர் அச்செடுத்து, அதே மண்ணில் ஒரு நகல் செய்தால் அது 27.6 செ.மீ.தான் வரும். அதனால் பதிவான அளவைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் குள்ளமாக, ஆனால் விகிதம் சற்றும் மாறாமல் ஒரு ஜாடி வந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரண்டாவது, உள்பக்கம். 22 மி.மீ. துளைக்குள் விரல் போகாது. கைபேசியில் மாட்டும் 5.5 மி.மீ. குழாய்க் கேமரா போகும். உள்ளே அடியிலிருந்து தோள்வரை சக்கரத்தில் வனைந்த விரல்தடம் சுருளாக ஏறுகிறது. தோளும் கழுத்தும் சேருமிடத்தில் ஒரு திரட்டு வளையம், கழுத்தைத் தனியாக வனைந்து ஒட்டியது. அச்சில் ஊற்றிய ஜாடியில் சுவர் சீரான கனத்தில், உள்பக்கம் வெளிப்பக்கத்தின் நிழல்போல இருக்கும். இது வனைந்தது.

இனி ‘பழுதில்லை’. அதிக நேரம் பிடித்த பகுதி இது.

சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பது போல முதலில் சுண்டினோம். மடித்த துணிமேல் நிறுத்தி, உடலை நகத்தால் ஒரு தட்டு. குறுகிய, ஆனால் சுத்தமான ஓசை. உடலில் விரிசல் இல்லை என்பதற்கு மட்டுமே இது சான்று. கழுத்து விளிம்பில் ஒரு துண்டு உடைந்து ஒட்டப்பட்டிருந்தால் ஓசை மாறாது. சுண்டிப் பார்த்துத் திருப்தியானவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. உடல் முழுக்க மந்தமான ஊதா. கழுத்து விளிம்பில் ஒரு பக்கம் பால்நீலமாக ஒளிர்ந்தது. அதைச் சுற்றி, ஒளிராமல் உடலைவிடக் கருமையாக ஒரு பட்டை. பால்நீலம் எபாக்ஸிப் பசைக்கும் நிரப்பிக்கும் வழக்கமான நிறம். கரும்பட்டை டைட்டேனியம் வெள்ளை கலந்த பெயின்ட். அது புற ஊதாவை விழுங்கும். இங்கேயும் ஒரு பொறி உண்டு: துணி சோப்பில் இருக்கும் வெண்மையூட்டி கிளேஸின் குழியில் தங்கினால் அதுவும் நீலமாக ஒளிரும். எனவே ஒளிர்ந்த இடத்தை வெறும் தண்ணீரால் துடைத்து மறுபடி பார்த்தோம். மாறவில்லை. மறுபுறம், ஒளிராத பழுதுநீக்கப் பொருட்களும் வந்துவிட்டன; விளக்கில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பழுதே இல்லை என்று பொருளாகாது.

பிறகு மூங்கில் குச்சி. முனையை விளிம்பின்மேல் இழுத்தால் கிளேஸில் வழுக்கி ஓடும், பெயின்டில் லேசாகப் பிடிக்கும். ஊசியும் இதையே சொல்லும், ஆனால் மேட் கிளேஸில் சாம்பல் கோடு விட்டுவிடும். கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பது பழைய உத்தி, நல்ல உத்தி: கிளேஸ் குளிரும், பிசின் குளிராது. கடைசியாக, காது துடைக்கும் பஞ்சில் அசிட்டோன் தொட்டுக் கரும்பட்டையின் ஓரத்தில் இரண்டு சுற்று. பஞ்சில் வெள்ளை ஏறியது. அடியிலிருந்து பழுதில்லாத நிஜக் கிளேஸ் வெளிப்பட்டது.

அளந்தபோது: உடைந்து நிரப்பிய இடம் விளிம்பில் 38 மி.மீ. வளைவு. வெளிவிளிம்பின் சுற்றளவு 107 மி.மீ.; ஆக மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். ஆனால் பெயின்ட் கழுத்தில் 60 மி.மீ. கீழேவரை இறங்கியிருந்தது. ஒட்டு தெரியாமல் இருக்க, நல்ல கிளேஸின் மேலேயே ஸ்ப்ரே அடித்து மங்க வைத்திருக்கிறார்கள். இப்படி அடித்த பெயின்ட் சில வருடத்தில் மஞ்சளாகும், கிளேஸ் ஆகாது. இந்த ஜாடியின் கழுத்து உடலைவிட அரை இழை மஞ்சளாகத் தெரிந்தது. ‘சூளையில் வந்த நிறமாற்றம்’ என்று விற்றவர் அதை அழகாகவே சொல்லியிருந்தார்.

மினிமலிஸ்ட் பொருளில் பழுது இவ்வளவு கனமாக எண்ணப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பூவும் கொடியும் வரைந்த மயோலிகாத் தட்டில் ஒரு சில்லு போனால் கண் வேறு பக்கம் ஓடிவிடும். இங்கே ஓட இடமில்லை. இருப்பது ஒரு கோடு, ஒரு விளிம்பு, ஒரு வெள்ளை. அந்த வெள்ளையிலும் மேட் தன்மைதான் சரக்கு. கிளேஸ் ஆறும்போது அதற்குள் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் போன்றவற்றின் சிலிக்கேட் நுண்படிகங்கள் வளர்ந்து ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. பாலிஷ் போட்டால் படிகத்தின் முனை மழுங்கிப் பளபளக்கும்; அந்தப் பளபளப்பை எந்தக் கடையிலும் திருப்பிக் கொடுக்க முடியாது. எலுமிச்சையும் வினிகரும் வேண்டாம்: கால்சியம், மக்னீசியம் மிகுந்த மேட் கிளேஸைப் புளிப்பு அரிக்கும்.

சுத்தம் செய்ததை அப்படியே தருகிறோம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையும் நிறமும் இல்லாத அயனிசாரா திரவச் சோப்பு மூன்று சொட்டு. ஜாடியை அதில் முக்கவில்லை; பழைய ஒட்டுக்குள் தண்ணீர் புகும். பிழிந்த பஞ்சால் கீழிருந்து மேலாகத் துடைத்து, உடனே வெறும் தண்ணீர்ப் பஞ்சு, பிறகு துணியால் ஒற்றல். கீழிருந்து தொடங்குவதால், வழிகிற அழுக்குநீர் காய்ந்த இடத்தில் கோடு போடாது. உடலின் நடுவில் மூன்று சாம்பல் கீறல்கள். தொட்டால் பள்ளம் இல்லை. கிளேஸ் கீறப்படவில்லை, மோதிரமோ ஜிப்போ உரசிய உலோகம் கரடான மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது. மணல் கலக்காத வெள்ளை வினைல் அழிப்பானால் அழுத்தாமல் தேய்த்ததில் இரண்டு போயின. மூன்றாவது பாதி போனது, அதோடு நிறுத்திவிட்டோம். உள்ளே பூத்தண்ணீர் விட்ட சுண்ணாம்பு வளையத்தைத் தொடவில்லை. வெளியே தெரியாது, ஆறு மாதம் ஒரு மேசையில் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு பதிவுதான். ப்ளீச் எந்த நிலையிலும் கூடாது. விரிசலுக்குள் உப்பு தங்கி, காய்ந்து, படிகமாகிக் கிளேஸைத் தள்ளும்.

விளிம்பின் பழைய வேலையை அகற்றி மறுபடி செய்யப் பரிந்துரைத்தோம். ஸ்ப்ரே பெயின்ட் முழுவதும் அசிட்டோன் பஞ்சால் போகும்; எபாக்ஸி நிரப்பியை அசிட்டோன் ஆவியில் இளக்கி, குச்சியால் நோண்டி எடுக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். உடைந்த முகத்தில் அசிட்டோனில் பத்து விழுக்காடு கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு மெல்லிய அடுக்கு. அதன்மேல் நிறப்பொடி பிசைந்த எபாக்ஸி. நடுவில் அந்த அடுக்கு இருந்தால்தான் நாளை இன்னொருவர் இதைக் கழற்ற முடியும். நிறம் நிரப்பிக்குள்ளேயே இருக்க வேண்டும், நல்ல கிளேஸின்மேல் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறக் கூடாது. பசையாகவே பாராலாய்டைப் பயன்படுத்தலாமே என்றால், இத்தாலியில் சரி. அது 40 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். மே மாதச் சென்னையில் கதவு சாத்தி நிறுத்திய வண்டிக்குள் அப்படி ஒட்டிய விளிம்பு தானாக நகர்ந்துவிடும்.

யாருடையது என்ற தீர்ப்பு காகிதத்திலும் எதிரொலிக்கிறது. இத்தாலியில் 2017ஆம் ஆண்டின் 124ஆம் சட்டம், மறைந்த கலைஞரின் எழுபது ஆண்டைத் தாண்டிய படைப்புக்குத்தான் ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று வரம்பை ஐம்பதிலிருந்து உயர்த்தியது. அதிலும் 13,500 யூரோவுக்குக் கீழே இருந்தால் உரிமையாளரின் உறுதிமொழி வழியே அனுப்பலாம். 1952ஆம் ஆண்டுக் குவிதோ ஜாடி இன்று அந்த வயது வரம்பைத் தாண்டிவிட்டது. 1970களின் புரூனோ ஜாடி இன்னும் தாண்டவில்லை. ‘1950கள், குவிதோ’ என்று பெருமைக்கு எழுதி விற்றவர், தமக்கே ஒரு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

பொதி கட்டும்போது: முதலில் அமிலமில்லாத மெல்லிய தாள், அதன்மேல்தான் குமிழ்த்தாள். குமிழ்த்தாள் நேராக மேட் கிளேஸில் பட்டு மாதக்கணக்கில் கிடந்தால் வட்டவட்டமாகத் தடம் விடும். கழுத்தைச் சுற்றித் தாளை உருட்டி, உடலின் அகலத்துக்குத் தடிப்பாக்கி உருளையாக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி சாயும்போது எடை முழுவதும் கழுத்தில் இறங்கும். இரண்டு பெட்டி, இடையில் ஐந்து செ.மீ. நுரை. கையில் பஞ்சுக் கையுறை வேண்டாம், வழுக்கும். நைட்ரைல் கையுறை போடலாம். எப்போதும் உடலைத் தாங்கித் தூக்க வேண்டும், கழுத்தைப் பிடித்து அல்ல. இந்த விளிம்பு முதன்முதலில் எப்படிப் போயிருக்கும் என்பதற்கு அதுவே நல்ல ஊகம்.

திருத்தி எழுதிய குறிப்பு: “புரூனோ கம்போனே, ஃபிளாரன்ஸ், 1970கள் என மதிப்பீடு. வனைந்த ஸ்டோன்வேர், பாலேடு நிற மேட் கிளேஸ், பழுப்புக் கோடு ஒன்று. அடியில் கிளேஸோடு சுட்ட கையெழுத்து. உயரம் 31.4 செ.மீ. விளிம்பில் 38 மி.மீ. பழைய நிரப்பு, கழுத்தில் மேல்பூச்சு. உடலில் உலோகத் தடம் ஒன்று, உள்ளே சுண்ணாம்பு வளையம். முன் உரிமை குறித்த ஆவணம் இல்லை.”